படவில்லையில் 3, கணினியில் 3.5

ஆசிரியர் அவர்கட்கு,

க.பொ.த. உயர்தர தகவல் தொடர்பாடல் தொழினுட்பச் செயலமர்வுகளில் காட்டப்படும் பவர்பொயின்ட் படவில்லைகள் பென் டிரைவ் வழியே ஹட்டன், பதுளை என்று கைமாறுகின்றன. அவற்றில் 7/2 இற்குக் கணினி தரும் விடை, அதாவது வருவிளைவு, 3 என்று இருந்தால், அது பைதன் என்ற செய்நிரல் மொழியின் பழைய பதிப்பான பைதன் 2 காலத்துச் சரக்கு. பைதன் 3 இல் 3.5 வரும், 3 வேண்டுமென்றால் 7//2. பைதன் 2 இற்கான ஆதரவு 2020 ஜனவரி 1 ஆம் திகதியோடு நின்றுவிட்டது. திரையைப் படம்பிடித்து ஒட்டிய வருவிளைவுக்கு அது எங்கே தெரியப் போகிறது?

வருவிளைவைக் கையால் தட்டவும் வேண்டாம், படமாக ஒட்டவும் வேண்டாம். ஒவ்வோர் உதாரணத்தையும் தனிச் செய்நிரல் கோப்பாக வைத்து ஓட்டி, வருவிளைவை உரைக்கோப்பில் சேமியுங்கள். பாடத்தை மார்க்டவுன் என்ற எளிய உரை வடிவில் எழுதி, வருவிளைவு வரவேண்டிய இடத்தில் ஓர் அடையாளம் இடுங்கள். அந்த இடத்தை நிரப்ப பதினைந்து வரிப் பைதன் போதும். பிறகு பண்டொக் என்ற இலவச மென்பொருள் அதைப் பவர்பொயின்ட் கோப்பாக்கிவிடும். நிறுவிய பின் இணையம் தேவையில்லை.

சிக்கல்கள் உண்டு. விண்டோஸில் தமிழை அச்சிடும் செய்நிரல் திரையில் ஒழுங்காக ஓடும். வருவிளைவைக் கோப்புக்குத் திருப்பியதும் குறிமுறைப் பிழை, அதாவது எழுத்துகளைச் சேமிக்கும் முறையில் பிழை, காட்டி நிற்கும். கோப்புக்கு எழுதும்போது பைதன் விண்டோஸின் பழைய குறிமுறையை எடுத்துக்கொள்வதே காரணம். 'பைதன்யூடிஎஃப்8' (PYTHONUTF8) என்ற விண்டோஸ் சூழல் மாறிக்கு (environment variable) 1 கொடுத்தால் சரியாகும். பிழைச் செய்திகள் வேறு வழியாக வருவதால், பிழைகளைக் கற்பிக்கும் படவில்லை வெறுமையாகிவிடும்; அந்த வழியையும் அதே கோப்புக்குத் திருப்ப வேண்டும். உள்ளீடு கேட்கும் செய்நிரலே பெரிய தலையிடி. வயதைக் கேட்கும் செய்நிரலுக்கு 16 என்ற விடையைக் கோப்பிலிருந்து ஊட்டினால், அந்த 16 வருவிளைவில் பதியாது. 'வயது? அடுத்த ஆண்டு 17' என்று ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். உள்ளீடு வாங்கியதும் அதை அச்சிடும் ஒரு வரியைச் சேர்ப்பதே எளிய வழி.

பதினைந்து வரிக்கு மேற்பட்ட வருவிளைவைப் பண்டொக் பிரித்துத் தராது, படவில்லையின் அடியில் வழியவிடும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய குறிப்புகளை முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் மிஞ்சும்.

கைமாற்றும்போது பவர்பொயின்ட் கோப்பை மட்டும் கொடுக்காமல் மூலக்கோப்புறையையும் சேர்த்துக் கொடுங்கள். பண்டாரவளையில் அதைப் பெறும் ஆசிரியர் உதாரணத்தில் ஓர் எண்ணை மாற்றினாலும், மீண்டும் ஓட்டியதும் வருவிளைவு தானாகவே மாறிக்கொள்ளும்.

இப்படிக்கு,
தகவல் தொடர்பாடல் தொழினுட்ப ஆசிரியர்கள் சிலர்,
ஹட்டன்.