டிரெயின் போல்ட்டை அளவாக இறுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரி வட்டாரத்தில் பச்சைத் தேயிலையைத் தொழிற்சாலைக்கு ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி ஒன்றைப் பல ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். சென்ற மாதம் என்ஜின் ஆயிலை மாற்றுவதற்காகச் சாக்கை விரித்து வண்டியின் அடியில் படுத்தபோது, என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில், ஆயிலை வடிக்கும் துளையை அடைத்திருக்கும் டிரெயின் போல்ட்டின் தலையில் ஆறு பட்டைகளில் நான்கு மழுங்கி, ஓடைக் கூழாங்கல்லைப்போல் வழவழவென்று இருந்தது. முந்தைய ஆயில் மாற்றம் ஒரு பட்டறையில் நடந்தது. கெட்டுப்போன போல்ட்டையே மறுபடியும் பூட்டி, என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வண்டியை அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது.

ஆயில் ஒழுகிவிடக் கூடாது என்ற எண்ணத்தில், ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி முறுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒழுகலைத் தடுப்பது போல்ட்டுக்கும் சம்ப்புக்கும் இடையில் நசுங்கி உட்காரும் செம்பு அல்லது அலுமினிய வாஷர். ஒருமுறை நசுங்கியது மறுமுறை அதேபோல் படியாது. பழையதையே போட்டால் கசியும், கசிவதால் இன்னும் இறுக்குவார்கள், அதற்கடுத்த முறை போல்ட்டின் தலை மழுங்கும், அல்லது அலுமினிய சம்ப்பாக இருந்தால் அதன் மரையே பிய்ந்துவிடும். பல கார்களுக்கும் சிறு வண்டிகளுக்கும் தேவைப்படும் இறுக்கம் 25 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரைதான். துல்லியமான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். 30 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் ஏறத்தாழ 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைப்பது 30 நியூட்டன் மீட்டர். இதற்குக் குழாய் எதற்கு?

என் போல்ட்டைக் கழற்ற அரைநாள் ஆயிற்று. சேற்றைக் கம்பித் தூரிகையால் துடைத்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டேன். பன்னிரண்டு மூலை ரிங் ஸ்பேனர் வழுக்கியது. பட்டையின் முகத்தைப் பிடிக்கும் ஆறு மூலை பாக்ஸ் ஸ்பேனரும் நிற்கவில்லை. கடைசியில், 17 எண் (மில்லிமீட்டர்) தலையின்மேல் ஓர் அளவு சிறிய 16 எண் பாக்ஸை வைத்து, சாயாமல் நேராகச் சுத்தியலால் தட்டி ஏற்றியபோது அது கவ்வியது. தலையை நேராகப் பார்த்தபடி இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திருப்பினேன். மல்லாந்து படுத்திருக்கும்போது திசை மாறி, கழற்ற வேண்டியதை இறுக்கிவிடுவது எளிது. 'டக்'கென்ற ஓசையுடன் அது இளகியதும் வெதுவெதுப்பான கறுப்பு ஆயில் முழங்கைவரை வழிந்தது. என் வண்டியின் சம்ப் இரும்புத் தகடு என்பதால் தட்ட முடிந்தது. அலுமினிய சம்ப்பில் அடி பலமாக விழுந்தால் விரிசல் விடும். உட்புறம் சுருள் பள்ளம் வெட்டிய எக்ஸ்ட்ராக்டர் பாக்ஸே அதற்கு ஏற்றது.

புதிய போல்ட்டைப் புதிய வாஷருடன் முதல் இரண்டு மூன்று சுற்று விரலால் மட்டுமே ஏற்ற வேண்டும். விரலுக்கு இறுகினால் மரை குறுக்கே ஏறுகிறது என்று பொருள்; உடனே பின்வாங்க வேண்டும். மரை ஏற்கெனவே போயிருந்தால் லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி மரைச்சுருள் பொருத்தலாம், இல்லையெனில் சம்ப்பை மாற்றலாம். பசையை அப்பிவிட்டு வண்டியை ஓட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

மலையில் இது சிறிய விஷயம் ஆகாது. கசிவால் ஆயில் குறைந்த வண்டி செங்குத்தான ஏற்றத்தில் சாயும்போது, பம்ப்பின் உறிஞ்சு வாய்க்கு ஆயில் எட்டாமல் பேரிங் உராய்ந்து என்ஜினே பிடித்துக்கொள்ளக்கூடும். கொண்டை ஊசி வளைவில் சொட்டிய ஆயிலின்மீது, மூடுபனியில் இருசக்கர வாகனத்தில் வருபவர் வழுக்கி விழலாம். மழையில் அது கழுவப்பட்டுச் சேருமிடம் நம் ஓடைகள். அவற்றின் வழியாகப் பவானி.

ஆகவே, பட்டறை நடத்துவோர் புதிய வாஷருக்கான தொகையைப் பில்லில் தனியாகவே எழுதி வாங்கிக்கொள்ளட்டும்; நாங்கள் மனமுவந்து தருவோம். மழுங்கிய போல்ட்டை உரிமையாளரிடம் காட்டி, அன்றே மாற்றிவிட வேண்டும். மாவட்டத்தின் அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் பயிலும் பிள்ளைகளுக்கு, இறுக்கத்தை அளந்து முறுக்க உதவும் டார்க் ரெஞ்சைக் கையில் கொடுத்து இந்த ஒரு வேலையைப் பழக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். காட்டிப் பாடம் நடத்த மழுங்கிய போல்ட் தேவைப்பட்டால், என்னுடையதைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குத் தருகிறேன்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.