முதல் குலை இறக்கியாச்சு, கஜாவில் கூட நின்றவர்களுக்கு நன்றி

கஜா புயல் அடித்தபோதும் அதற்கப்புறமும் எங்கள் தெருவரைக்கும் வந்து நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற நெட்டைத் தென்னை மரத்தில் முதல் குலை இறக்கினோம். பதினோரு காய். 2019 ஆடியில் நட்ட கன்று அது. ஒரு காயைச் சாமிக்கு உடைத்துவிட்டு அம்மா சொன்னார், "அந்தப் புள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை எழுதிப் போடேன்." எப்போதோ எழுதியிருக்க வேண்டிய கடிதம். யார் பெயரும் போடவில்லை, பாதிப் பேரின் பெயரை நாங்கள் கேட்டே வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் உண்மை.

பேராவூரணிப் பக்கம் மெயின் ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற ஊர், அதிலும் நாங்கள் கடைசித் தெரு. 2018 நவம்பர் 16 விடியற்காலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறிய புயல் எங்களைத் தாண்டிப் போனபோது வெடி வைத்த மாதிரி மரங்கள் முறிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கூரை போன பிறகு பக்கத்து மாடி வீட்டுத் தாழ்வாரத்தில் முப்பது பேர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விடிந்து வெளியே வந்தால் நம்ம ஊர்தானா என்று சந்தேகம். எத்தனையோ வருடமாகத் தோப்புக்குப் பின்னால் மறைந்திருந்த பக்கத்து ஊர்க் கோயில் கோபுரம் எங்கள் வாசலிலிருந்தே தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் அப்பா அழுதார்.

முதல் நன்றி மின்வாரியத்து ஆட்களுக்கு. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை என்று நாலு மாவட்டத்திலும் சேர்த்து லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் சாய்ந்திருந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆட்கள் வந்து, இடுப்பளவு சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்து நட்டார்கள். அந்த ஆகஸ்டில்தான் கேரளத்தில் பெரிய வெள்ளம், எங்கள் தெருவில் கூட அரிசியும் பழைய துணியும் திரட்டி அனுப்பியிருந்தோம், மூன்றே மாதத்தில் அவர்கள் எங்களுக்காகக் கம்பம் ஏறுவார்கள் என்று யார் நினைத்தது. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து மேல்நிலைத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை, ஒரு வீட்டுக்கு நாலு குடம்தான் கணக்கு. அதில் ஒரு குடத்தை எடுத்து உங்களுக்குச் சோறாக்கியதில் எங்களுக்கு ஒரு பெருமை இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அடுத்து, மெயின் ரோட்டிலிருந்து திரும்பி உள்ளே வந்தவர்களுக்கு. நிவாரண லாரிகள் நிறைய வந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரோட்டோரத்து ஊர்களிலேயே எல்லாம் தீர்ந்துவிடும். உள்ளே வந்தாலும் முதல் தெருவில் மறித்து இறக்கிவிடுவார்கள், காலனித் தெருவுக்கு வந்து சேரும்போது அட்டைப்பெட்டிதான் மிஞ்சும். மதுரையிலிருந்து ஒரு வேனில் தார்ப்பாயும் மெழுகுவத்தியும் கொசுவத்தியும் கொண்டுவந்த அக்கா ஒருவர், இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "இந்த ஊரில் கடைசித் தெரு எது? அங்கேயிருந்து ஆரம்பிப்போம்." அக்கா, அந்தக் கேள்வியை எங்கள் தெருப் பெண்கள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் பட்டியல் விவகாரம். விழுந்த தென்னைக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக மரத்துக்கு 1,100 என்று அரசு அறிவித்தது. அறுபது வருடம் காய்க்கிற மரத்துக்கு அது எந்த மூலைக்கு என்பது ஒரு பக்கம். எங்கள் வீட்டுக் கேள்வியே வேறு. அப்பா பார்த்தது குத்தகைத் தோப்பு, பட்டா அவர் பெயரில் இல்லை, எனவே பட்டியலிலும் இல்லை. அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு மரம் கூடக் கிடையாது, ஆனால் இருபத்தைந்து வருடமாகக் கீற்று முடைந்துதான் எங்களைப் படிக்க வைத்தார். புயலுக்கு அப்புறம் கொஞ்ச நாள் ஊரெல்லாம் மட்டையாகக் கிடந்தது, ராத்திரி பகலாக முடைந்தார்கள். அதற்குப் பிறகு பிளந்து ஊறப்போட ஒரு மட்டை இல்லை. மரத்தை எண்ணினார்கள், மரத்தை நம்பி இருந்தவர்களை எண்ண அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

வீடு வீடாக ஒரு நோட்டுடன் வந்து கீற்று முடைகிறவர்கள், மட்டை உரிக்கிறவர்கள், மரம் ஏறுகிறவர்கள், குத்தகைதாரர்கள் என்று தனியாக ஒரு பட்டியல் எழுதி, அதை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக எங்களோடு ஏறி இறங்கிய தம்பிகளுக்கு நன்றி. எல்லாம் கிடைத்துவிடவில்லை. ஒரு ஆபீசில் "மரமே இல்லாதவங்களுக்கு மர நிவாரணமா?" என்று சிரித்தார்கள். ஆனால் அந்த நோட்டை வைத்துத்தான் எங்களுக்குக் கன்றுகள் வந்தன, ஆறு பெண்களுக்கு ஆடு வந்தது. கேட்காமலேயே தன் நிவாரணப் பணத்தில் பாதியை அப்பா கையில் கொடுத்த தோப்புக்கார ஐயாவையும் இங்கே சொல்ல வேண்டும், எல்லாத் தோப்புக்காரர்களும் அப்படிச் செய்யவில்லை.

மரம் அறுக்கும் மெஷினோடு கோயம்புத்தூரிலிருந்து வந்து எட்டு நாள் தங்கிய பையன்களுக்கும் நன்றி. விழுந்த மரத்தை அப்படியே விட்டால் மக்கி, காண்டாமிருக வண்டு அதில் பெருகி, புதுக் கன்றின் குருத்தைத் தின்றுவிடும். வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுவந்து, மணலோடு வேப்பங்கொட்டைத் தூளைக் கலந்து குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் போடச் சொன்னார்கள். எங்கள் தெருவில் பிழைத்த கன்றுகள் அப்படிப் பிழைத்தவைதான். வெறும் தென்னையாக வைக்காமல் வேலியோரம் சவுக்கும் ஊடே உளுந்தும் போட்டோம்.

2020 டிசம்பரில் புரெவி புயல் வருகிறது என்றபோது நீங்கள் எழுதிக் கொடுத்த முறைப்படி முதியவர்கள், கர்ப்பிணிகள், படுக்கையில் இருப்பவர்கள் பட்டியலை எடுத்து, மழை வலுப்பதற்கு முன்பே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டோம். ரேஷன் கார்டும் ஆதாரும் பிளாஸ்டிக் டப்பாவில், பேட்டரி லைட் சார்ஜில். புயல் வலுவிழந்து வெறும் மழையாகக் கொட்டித் தீர்த்தது. வீண் வேலை என்று யாரும் சொல்லவில்லை.

உங்களில் ஒருவர் அம்மாவிடம் காலநிலை நீதி என்று நிறையப் பேசுவார். எங்கள் வீட்டில் அப்போது இரண்டு பல்பு, ஒரு ஃபேன். கடலைச் சூடாக்கியது யாரோ, கூரையைக் கொடுத்தது நாங்கள் என்பது அம்மாவுக்கு விளக்காமலே புரிந்தது. 2022-ல் எகிப்தில் நடந்த ஐ.நா. மாநாட்டில் இப்படிப்பட்ட இழப்புகளுக்கு ஒரு நிதி வைக்க ஒத்துக்கொண்டார்கள் என்று போனில் படித்துக் காட்டினேன். கீற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் அம்மா கேட்டார், "அதுக்கும் பட்டா கேப்பாங்களா?"

கேரளத்து அண்ணன்களுக்கு ஒரு சேதி. நீங்கள் விட்டுப்போன எவர்சில்வர் டிபன் கேரியரின் நடு அடுக்கு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அதில்தான் அம்மா உப்பு போட்டு வைத்திருக்கிறார். வந்து கேட்டால் கழுவித் தருவார், கூடவே நாலு காயும்.