திருப்படம் ஏந்தி வந்தவர்களுக்கும் மணி அடியுங்கள்

ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் பெரியோர்களுக்கு,

வணக்கத்துக்குரிய தந்தையரே,

ஜூலை 17 விடியுமுன் எகாதெரின்பர்கில் நீங்கள் நடத்தும் பவனியைக் காணொளியில் பார்த்தேன். ரஷ்யாவின் கடைசிப் பேரரசர் ஜார் இரண்டாம் நிக்கோலஸும் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் சுட்டுக் கொல்லப்பட்ட இடத்திலிருந்து அவர்கள் உடல்களை வீசிய பழைய சுரங்கக் குழி, கானினா யாமா வரை, இருபது கிலோமீட்டருக்கு மேல். ஆயிரமாயிரம் பேர், கையில் திருப்படம், வாயில் செபம். அந்தப் பிள்ளைகளின் சாவுக்கு நியாயம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் பார்த்ததிலிருந்து வேறொரு பவனிதான் கண்ணுக்குள் நிற்கிறது.

1905 ஜனவரி 9, ஞாயிறு. உங்கள் பழைய நாட்காட்டித் தேதி. உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர்கள் மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு, கோவிலுக்குப் போகிற உடுப்பில், ஜாரின் குளிர்கால அரண்மனையை நோக்கி நடந்தார்கள். அழைத்து வந்தவர் உங்கள் பாதிரியார் கப்போன். பின்னால் குருப்பட்டத்தைப் பறித்தீர்கள், அது வேறு கதை. கூட்டத்தின் கையில் திருப்படங்களும் கோவில் கொடிகளும் ஜாரின் படமும். நாளுக்கு எட்டு மணி நேர வேலை, குறைந்தது ஒரு ரூபிள் கூலி, மக்கள் தேர்ந்தெடுக்கும் சபை என்று மனுவில் கேட்டிருந்தார்கள். நீர் செவிசாய்க்காவிட்டால் உம் அரண்மனை முன்னால் இந்தச் சதுக்கத்திலேயே சாகிறோம் என்றும் எழுதியிருந்தார்கள்.

பலர் சதுக்கம் வரைகூட வந்து சேரவில்லை. நார்வா வாயிலிலேயே துப்பாக்கி வெடித்தது. ஜாரின் படத்தைத் தூக்கி வந்தவரும் விழுந்தார். அரசு ஒப்புக்கொண்ட கணக்கே சுமார் 130 பிணம்.

மனுவை வாங்க வேண்டியவர் ஊரிலேயே இல்லை. ஊருக்கு வெளியே ஜார்ஸ்கோயே செலோ அரண்மனையில் இருந்தார். கடினமான நாள், ஆண்டவரே எவ்வளவு வேதனை என்று நாட்குறிப்பில் எழுதினார். அதே பக்கத்தில் அம்மா பூசைக்கு வந்ததையும், எல்லோரோடும் சாப்பிட்டதையும், தம்பி மீஷாவோடு உலாவப் போனதையும் எழுதினார். பத்து நாள் கழித்து, அதிகாரிகள் பொறுக்கியெடுத்த 34 தொழிலாளர்களை வரவழைத்து, உங்கள் குற்றத்தை மன்னித்தேன் என்றார். சுட்டவர் மன்னிக்கிறார், சுடப்பட்டவர் தலைகுனிந்து வாங்கிக்கொள்ள வேண்டும்! திருச்சபையை அன்று நடத்திய உங்கள் புனித சினாடோ, பகைவரிடம் காசு வாங்கிக்கொண்டு செய்த கலகம் என்றது. குண்டு பட்ட திருப்படம் யாரிடம் காசு வாங்கியதோ.

ரஷ்ய மக்களை ஜாருக்கு எதிராகத் திருப்பியவர் லெனின் என்கிறார்கள். லெனின் அன்றைக்கு ஜெனீவாவில் இருந்தார். 1917 பிப்ரவரியில் பெத்ரோகிராடு (அதே பீட்டர்ஸ்பர்க்தான், பெயர் மாறியிருந்தது) பெண்கள் ரொட்டி வரிசையில் நின்று அலுத்து, தெருவில் இறங்கியபோது ஜூரிச்சில். ஜார் குடும்பத்தை ஆட்டிவைத்ததாகப் பழி சுமத்தப்படும் சாமியார் ராஸ்புதின் அதற்குள் செத்தே போயிருந்தார். பட்டாளம் ஒரு நாள் சுட்டது. மறுநாள் வோலின்ஸ்கி ரெஜிமெண்ட் சுட மறுத்து மக்கள் பக்கம் சேர்ந்தது. ஒரு வாரத்துக்குள் பிஸ்கோவ் ரயில் பெட்டியில் ஜார் முடி துறந்தார். முந்நூறு ஆண்டு வம்சம் அப்படிச் சட்டென்று சரியுமா? பசியும் போரும் கடைசி உதை கொடுத்தன, சரி. ஆனால் அதிகாரிகள்தான் கெட்டவர்கள், தகப்பன் ஜாருக்குத் தெரிந்தால் விடமாட்டார் என்று பாட்டன் காலம்தொட்டு நம்பிய நம்பிக்கை அந்த ஞாயிறே பனியில் விழுந்துவிட்டது. முடிசூட்டு விழா நெரிசலில் 1896-இல் மாஸ்கோவின் கொதின்கா மைதானத்தில் 1,389 பேர் செத்த இரவிலேயே பிரெஞ்சுத் தூதர் வீட்டு நடனத்துக்குப் போனவரையும் மன்னித்திருந்த மக்கள் ஐயா அவர்கள். எவ்வளவு பொறுமை!

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள்.

2000-இல் அவரைப் பாடுகளைப் பொறுமையோடு ஏற்றவர் என்று புனிதர் ஆக்கினீர்கள். ஆண்ட விதத்துக்காக அல்ல, கடைசி நாள்களைத் தாங்கிய விதத்துக்காகத்தான் என்று உங்கள் ஆய்வுக்குழுவே சொன்னது. அதே அளவுகோலைத்தான் நானும் கேட்கிறேன். ஆண்டவரே உம் மக்களை இரட்சியும் என்று பாடிக்கொண்டே விழுந்தவர்கள் அந்த அளவுக்கு எட்டமாட்டார்களா?

புனிதர் பட்டம் வேண்டாம். பலரின் பெயரே யாருக்கும் தெரியாது. அவர்களைப் புதைத்த கல்லறைத் தோட்டம் பீட்டர்ஸ்பர்க்கில் இன்றும் ஜனவரி 9-இன் பெயரில் இருக்கிறது. அங்கே ஆண்டுக்கு ஒரு முறை, ஜாருக்கு நடப்பதுபோலவே பவனியாகப் போய், முதுபெரும் தந்தையின் தலைமையில் இறந்தோர் செபம் சொல்லுங்கள். ஜாருக்கு அடிக்கிற மணியை அவர்களுக்கும் அடியுங்கள். இவ்வளவுதான் மனு.

புதிய நாட்காட்டியில் அந்தத் தேதி ஜனவரி 22. எந்தக் கிழமையில் வந்தாலும் சரி, ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

பணிவுடன்,
பவனிகளில் நடந்து பழகிய ஒருவன்