கீபோர்டை மாற்றக் கொடுப்பதற்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் அவசர அவசரமாகப் பேசியதில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதிவிடுகிறேன். ஆய்வறிக்கை கொடுக்கிற நேரத்தில் லேப்டாப் கீபோர்டு மக்கர் செய்தால் எவ்வளவு பதற்றமாக இருக்கும் என்று தெரியும். ஆனாலும் ரிப்பேர் கடையில் மாற்றச் சொல்லிவிட்டார்கள் என்று உடனே மாற்றக் கொடுத்துவிடாதே. கோளாறு கீபோர்டிலா, விண்டோஸ் செட்டிங்கிலா என்று தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுக்கக் கூடாது. நம் டிடிபி கடைக்கு வருகிறவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன்.

ஹாஸ்டலில் யாரிடமாவது ஒரு யுஎஸ்பி கீபோர்டு இரவல் வாங்கிச் சொருகிப் பார். அதில் எல்லா எழுத்தும் ஒழுங்காக விழுந்தால் லேப்டாப்போடு வந்த கீபோர்டில்தான் கோளாறு. அதிலும் இதே தகராறு என்றால் செட்டிங்கைத்தான் பார்க்க வேண்டும்.

கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழுகிறது என்றாயே, அதைக் கேட்டதுமே எனக்கு ஃபில்டர் கீஸ் என்கிற விண்டோஸ் செட்டிங் மேல் சந்தேகம் வந்துவிட்டது. வலப்பக்க ஷிஃப்டை 8 விநாடி விடாமல் அழுத்தினால், அதை ஆன் செய்யட்டுமா என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். ஏதோ யோசனையில் விரலை அங்கேயே வைத்திருப்போம், பெட்டியைப் படிக்காமல் என்டரைத் தட்டிவிடுவோம். அப்புறம் சட்டென்று தட்டுகிற எழுத்தையெல்லாம் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, அதற்குள் கீபோர்டு என்று போய் ஃபில்டர் கீஸ், ஷிஃப்ட் போன்ற கீயை ஒரு தடவை தட்டினாலே அழுத்திப் பிடித்த மாதிரி எடுத்துக்கொள்கிற ஸ்டிக்கி கீஸ், இரண்டையும் ஆஃப் செய்துவிடு. தமிழில் அடித்துவிட்டு இங்கிலீஷுக்கு மாற்ற மறந்திருந்தாலும் எழுத்து தாறுமாறாக விழும். விண்டோஸ் கீயோடு ஸ்பேஸைத் தட்டினால் மொழி மாறும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், எந்தெந்த எழுத்து விழவில்லை என்று ஒரு தாளில் எழுது. இது முக்கியம். நம் கடையில் ஒரு பழைய கீபோர்டைப் பிரித்துப் பார்த்தேன். ரப்பர் மொட்டுகளுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள், அவற்றில் வெள்ளி நிறத்தில் கோடுகள். ஒவ்வொரு எழுத்துக்கும் தனிக் கோடு கிடையாது. கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி, குறுக்குக் கோடும் நெடுக்குக் கோடும் சந்திக்கிற இடத்தில்தான் ஒவ்வொரு எழுத்தும் இருக்கிறது. அதனால் ஒரு கோடு அறுந்தால் அதில் உள்ள எழுத்துகள் எல்லாம் சேர்ந்தே போய்விடும். அவை பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரே ஒரு எழுத்து மட்டும் படுத்தினால் பெரும்பாலும் அடியில் தூசியோ பிசுக்கோதான். லேப்டாப்பை அணைத்து, சாய்த்துப் பிடித்து, மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடு. மொத்தமாகச் சில எழுத்துகள் போயிருந்தால், உள்ளே கீபோர்டை இணைக்கிற ரிப்பன் கேபிள் என்ற தட்டை வயர் நழுவியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் மாற்றச் சொல்.

காபி, டீ எதையாவது கொட்டினாயா? திட்டமாட்டேன், உண்மையைச் சொல். சர்க்கரை உள்ளே காய்ந்து ஒட்டிக்கொண்டால் எழுத்து ஒன்றுக்கு இரண்டாக விழும்.

இன்னொன்று, இதை அலட்சியப்படுத்தாதே. கீபோர்டோ டச்பேடோ நடுவில் உப்பலாக மேலே எழும்பியிருக்கிறதா என்று பார். இருந்தால் அடியில் பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே அணைத்துவிடு, சார்ஜ் போடவே போடாதே, அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். நேராக சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோ. அது தீப்பிடிக்கக்கூடியது.

கடையில் கொடுப்பதாக இருந்தால் அறிக்கையைப் பென் டிரைவில் ஒரு பிரதி, மெயிலில் ஒரு பிரதி போட்டுவிட்டுக் கொடு. அதுவரை இரவல் கீபோர்டிலேயே அடி. மாற்றத்தான் வேண்டும் என்றால் எவ்வளவு ஆகும் என்று கேட்டுச் சொல், பணம் அனுப்புகிறேன். அந்தக் கவலையில் எழுத்து வேலையை நிறுத்தாதே. இன்று ராத்திரி பார்த்துவிட்டு எவ்வளவு நேரமானாலும் போன் செய், விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா