சோதனை எட்டாத நரம்பிழைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் ஃபைப்ரோமயால்ஜியா பற்றி அண்மையில் வெளியான கட்டுரை, உடல் முழுவதும் பரவும் வலி, ஓய்வெடுத்தும் தீராத அசதி, எவ்வளவு நேரம் தூங்கினாலும் தெளியாத உடம்பு ஆகியவற்றைச் சரியாகவே விவரித்திருந்தது. ஆனால் பரிசோதனைகளில் எந்தக் கோளாறும் தெரிவதில்லை என்பதையே ஆதாரமாக வைத்து, மன அழுத்தம்தான் காரணம் என்று அது முடித்திருப்பது சரியன்று. நரம்புக் கடத்தல் சோதனை செய்வதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், எங்கள் கருவி எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

இச்சோதனையில் கை கால்களில் தோலின் மேல் மின்முனைகளை ஒட்டி, சிறிய மின்துடிப்பைச் செலுத்தி, அது நரம்பின் வழியே சென்று சேரும் வேகத்தைத் திரையில் எழும் அலையைக் கொண்டு அளக்கிறோம். அந்த அலையை எழுப்புபவை மயலின் என்னும் கொழுப்பு உறை போர்த்திய தடித்த இழைகள். கால் நரம்பில் அவை பொதுவாக நொடிக்கு 40 மீட்டர் அல்லது அதற்கும் மேலான வேகத்தில் செய்தி கடத்துபவை. வலியையும் சூட்டையும் குளிரையும் உணர்த்துபவை பெரும்பாலும் இவை அல்ல, மிக மெல்லிய வேறு இழைகள். அவற்றுள் உறையே இல்லாத ‘சி’ வகை இழைகளின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டரைத் தாண்டாது; அவற்றின் துடிப்பு எங்கள் திரையில் பதிவாவதே இல்லை. போர்வை உரசினாலே எரிகிறது என்று சொல்பவர் காலை நீட்டிப் படுத்தபடி அந்த அலைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். ‘எல்லாம் நார்மல்’ என்று மருத்துவர் சொன்னதும், மகிழ வேண்டியவரின் முகம் வாடிவிடும். உடன் வந்தவரோ, தான் முன்பே சொன்னதுதானே என்பதுபோல அவரைத் திரும்பிப் பார்ப்பார்.

அந்த மெல்லிய இழைகளைப் பார்க்கவும் வழி உண்டு. கணுக்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேலே, மரத்துப்போக ஊசி போட்டு, 3 மில்லிமீட்டர் அகலத்தில் தோலை எடுத்து, சாயமேற்றி, மேல்தோலுக்குள் ஏறியிருக்கும் நரம்பிழைகளை நுண்ணோக்கியின் கீழ் எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் இவ்வாறு செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 27 பேரில் 41 சதவீதத்தினருக்கு நுண்ணிழைச் சேதம் இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட 30 பேரில் அது 3 சதவீதம் மட்டுமே. அதே ஆண்டில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் ஆய்வாளர்களும் இழைகள் குறைந்திருப்பதைத் தனியாகக் கண்டறிந்தனர். பிற்பாடு பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, ஏறக்குறைய பாதி நோயாளிகளிடம் இது தென்பட்டது.

இதைவிடவும் என்னைச் சிந்திக்க வைத்தது 2021-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி, லிவர்பூல் பல்கலைக்கழகம், ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு. நோயாளிகளின் இரத்தத்திலிருந்து ஐ.ஜி.ஜி. எனப்படும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். அந்த எலிகள் அழுத்தத்துக்கும் குளிருக்கும் மிகையாகக் கூசின, பிடிவலிமை தளர்ந்தது, நடமாட்டம் குறைந்தது, தோலில் நரம்பிழைகளும் குறைந்தன. ஆரோக்கியமானவர்களின் ஐ.ஜி.ஜி. அப்படி எதையும் செய்யவில்லை. நோயாளிகளின் இரத்தநீரிலிருந்தே அந்தப் புரதத்தை மட்டும் நீக்கிவிட்டுச் செலுத்தியபோதும் பாதிப்பு இல்லை. செலுத்திய புரதம் உடலைவிட்டு அகன்ற சில வாரங்களில் எலிகள் தேறின. தண்டுவடத்தை ஒட்டியுள்ள உணர்வு நரம்பு முடிச்சுகளில், நரம்பணுக்களைச் சூழ்ந்திருக்கும் துணைச் செல்களில் அப்புரதம் படிந்திருந்தது. 2023-இல் வந்த மற்றோர் ஆய்வு, நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களும் இம்முடிச்சுகளுக்குள் நுழைந்து வலியைத் தூண்டக்கூடும் என்று, இதுவும் எலிகளைக் கொண்டே, காட்டியது. எலிக்கு மன அழுத்தத்தைக் காரணம் சொல்ல எவரும் துணியமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இதைக் கொண்டு ஃபைப்ரோமயால்ஜியா, உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் என்று அறிவித்துவிடலாகாது. ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தோல் பரிசோதனையில் இழைகள் குறையவில்லை. இழைகள் குறைந்தவர்கள் எல்லோருக்கும் இதே வலி வருவதுமில்லை. மூளையின் இன்சுலா பகுதியில் குளுட்டமேட் என்னும் நரம்புச் செய்தி கடத்தும் வேதிப்பொருளின் அளவைச் செயற்கையாக உயர்த்திய எலிகளிலும் தோலின் நரம்பிழைகள் குறைந்ததாக 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே சேதம் தோலில் தொடங்கி மூளைக்குப் போகிறதா, மூளையில் தொடங்கித் தோலுக்கு வருகிறதா என்ற கேள்வி முடிந்துவிடவில்லை. நோய் எதிர்ப்பைத் திருத்துகிறோம் என்று சொல்லி விலையுயர்ந்த ஊசிகளை விற்பவர்களிடம் இக்காரணத்தாலேயே எச்சரிக்கை தேவை. காரணம் தெரியாத நுண்ணிழைச் சேதத்தால் வலியுற்ற 60 பேருக்கு, கொடையாளர்களின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2021-இல் வெளிவந்தது. போலி மருந்தைவிட அது குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை.

தற்போது வழக்கிலுள்ள உடற்பயிற்சி, பிரிகாபலின், துலாக்செடின் என்னும் வலி மருந்துகள் ஆகியவற்றையே மருத்துவர்கள் தொடர்வதில் தவறில்லை. துலாக்செடின் மனச்சோர்வுக்கான மாத்திரையும்கூட என்று அறிந்ததும், நோய் மனத்தில்தான் என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். நீரிழிவால் வரும் நரம்பு வலிக்கும் அதே மாத்திரைதான் தரப்படுகிறது என்பதை மருந்தைக் கொடுக்கும்போதே சொல்லிவிடலாம்.

நுண்ணிழைச் சேதம் இருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தால் செய்ய வேண்டியவை எளிமையானவை: நீரிழிவும் அதன் முன்நிலையும், வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, கண்ணும் வாயும் வறளும் ஷோக்ரன் நோய் ஆகியவற்றைத் தேடிப் பார்க்கலாம், இவற்றில் சில சிகிச்சையால் சீராகக்கூடியவை. ‘எல்லாம் நார்மல்’ என்று கோப்பினை மூடிவிட்டால் இந்தத் தேடல் தொடங்குவதே இல்லை. எனவே, நரம்புக் கடத்தல் சோதனை அறிக்கைகளின் அடியில், ‘இச்சோதனை வலியையும் வெப்பத்தையும் உணர்த்தும் நுண்ணிழைகளை ஆராய்வதில்லை’ என்ற ஒரு வரியை அச்சிடும்படி பரிசோதனைக் கூடங்களையும், இந்நோய் பற்றி அடுத்து எழுதும்போது அதே வரியைச் சேர்க்கும்படி தங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நரம்பியல் சோதனைக்கூட ஊழியர் ஒருவர்