லாரியும் மொபெட்டும்

மன்னார்குடி
12.7.2025

அன்புள்ள வசந்தி,

பொங்கலுக்கு எழுதுகிறேன் என்றேன், ஆடி வரப்போகிறது. திட்டி முடித்துவிட்டு மேலே படி. உன் முட்டிவலி தேவலையா? அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் என்னைப் பார்த்து, "இளைச்சுட்டியே" என்றாள். பார்வை இன்னும் சரியாகவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஜெயா வழக்கம்போல.

விஷயத்துக்கு வருகிறேன். ஸ்மார்ட் போர்டு வந்த புதிதில் உனக்குப் போன் போட்டு அரைமணி நேரம் பெருமையடித்தேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் 2018லிருந்து இருக்கிற கியூஆர் கோடைத் தட்டினால் வீடியோ வருகிறது, ராக்கெட் பறக்கிறது, பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்க்கிறார்கள். அந்த அமைதியைப் படிப்பு என்று நினைத்தேன் பார், அதுதான் தப்பு. பி.எட்.டில் நீ தலைகீழாக மாட்டிய இதயப் படத்தைப் பார்த்தபோதும் வகுப்பு இப்படித்தான் அமைதியாக இருந்தது!

பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்பேன். "புரிஞ்சுது டீச்சர்" என்று கோரஸாக வரும். 24 வருடமாக இந்தக் கோரஸை நம்பிச் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு பயிற்சியில் பிளிக்கர்ஸ் என்று ஒரு போன் ஆப்பைக் காட்டினார்கள். வழக்கமான பஜ்ஜிப் பயிற்சி என்றுதான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஆளுக்கு ஒரு நம்பர் போட்ட அட்டை, அதில் கறுப்புக் கட்டங்களால் ஒரு கோலம், மளிகைக்கடை கியூஆர் கோடுக்குத் தம்பி மாதிரி. நாலு ஓரத்திலும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. எது விடையோ அந்த ஓரம் மேலே வரும்படி பிடிக்க வேண்டும். ஒருவர் கோலம் இன்னொருவருக்கு இருக்காது, அதனால் எட்டிப் பார்த்துக் காப்பியடிக்க வழியில்லை. நான் என் போனைத் தூக்கி வகுப்பை ஒரு சுற்றுக் காட்டினால் போதும், யார் எந்த விடை என்று பெயரோடு வந்துவிடும். பிள்ளைகளிடம் எந்தக் கருவியும் வேண்டாம். கரன்ட் போனாலும் கவலையில்லை.

அட்டையை அச்சடிக்கப் போனால் ஜெராக்ஸ் கடைக்காரர் பாசத்தில் லேமினேட்டும் செய்து கொடுத்துவிட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்ததில் பாதி அட்டையைப் போன் படிக்கவே இல்லை. திரும்ப மொட்டை அட்டையில் அடித்தேன். 180 ரூபாய் தண்டம்.

பத்தாம் வகுப்பு, இயக்க விதிகள். நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். நான் கேட்டது இவ்வளவுதான்: லாரி ஒன்று மொபெட்டின் மேல் மோதுகிறது. யார் மேல் விசை அதிகம்? 36 பேர். இரண்டின் மேலும் சமம் என்று சரியாகச் சொன்னது 6 பேர். போனில் விழுந்த மற்ற விடையெல்லாம் மொபெட் மேல்தான் விசை அதிகம் என்றது. முதல் ரேங்க் வாங்குகிறவளை எழுப்பிக் கேட்டேன். "விதிப்படி சமம்தான் டீச்சர். ஆனா நிஜத்துல லாரிதானே ஜாஸ்தி?" என்றாள்.

வசந்தி, எனக்குக் காது அடைத்துவிட்டது. விதி வேறு, நிஜம் வேறு என்றா நான் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்?

அப்புறம் தேடிப் படித்தேன். ஹார்வர்டில் எரிக் மசூர் என்று ஓர் இயற்பியல் பேராசிரியர். 1990 வாக்கில் அவரும் இப்படி எளிய கேள்விகளைக் கொடுத்திருக்கிறார். ஒரு பிள்ளை, "நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா?" என்று கேட்டதாம். ஹார்வர்டுக்கே அந்தக் கதி என்றதும் கொஞ்சம் தெம்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதன்பிறகு அவர் விளக்கிக்கொண்டே போவதைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிட்டு மறுபடி விடை கேட்க ஆரம்பித்தாராம்.

அன்றைக்கு அது தெரியாமலே நானும் வாதாட விட்டிருந்தேன், வாயடைத்துப்போனதால். ஒரே சந்தைக்கடை. மினிலாரிக்காரர் பையன் ஒருவன், "லாரி பம்பரும் நசுங்குதுல்ல? அதை யாரு நசுக்குனா?" என்றான். இன்னொருத்தி, விசை ஒன்றுதான், மொபெட் எடை கம்மி, அதனால்தான் தூக்கியடிக்கிறது என்றாள். இரண்டாம் விதியை நான் இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை. மறுபடி அட்டையைத் தூக்கச் சொன்னேன். 6 பேர் 22 பேர் ஆனார்கள்.

இதுவரை பெருமை. இனிமேல் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம்.

இரண்டு தடவையும் போனில் 35 அட்டைதான் விழுந்தது. ஒன்று படவில்லை. கறுப்புக் கட்டத்தை விரல் மறைத்தால் அப்படித்தான் ஆகும். நானும் ரெண்டு தடவை, "விரலை எடுடா" என்று பேரைச் சொல்லிக் கத்தினேன். அவன் அட்டையைத் தூக்கவே இல்லையாம், மேஜையில் கவிழ்த்து வைத்திருந்தானாம். இடைவேளையில் ஒரு பெண் வந்து, "டீச்சர், அவங்க அப்பா..." என்றாள். போன வருடம் பைபாஸில், மொபெட்டில் போனவர். துக்கத்துக்கு நான் போயிருக்கிறேன் வசந்தி. திண்ணையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கேள்வியைத் தயாரித்த ராத்திரி ஒரு நொடிகூட அது ஞாபகத்துக்கு வரவில்லை. கார், லாரி என்று இருந்ததை நம் ஊருக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று மொபெட் ஆக்கியதும் நான்தான்.

அவனிடம் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். "17 டீச்சர்" என்று அட்டையை நீட்டினான். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

மறுநாள் அதே விதி, கேரம் போர்டு. ஸ்ட்ரைக்கர் காயை அடிக்கிறது, யார் மேல் விசை அதிகம்? முந்தின நாள் ஜெயித்தவர்களில் பாதிப்பேர் திரும்பக் குப்புற விழுந்தார்கள். ஒரு நாளில் திருந்துகிற சமாசாரமா அது? ஆனால் போனில் 36 விழுந்தது. 17ஆம் நம்பர் தப்பு விடை. நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், பிள்ளைகள் என்னவோ என்று பார்த்தார்கள்.

உன் பின்னக்கணக்குக்கு இது நன்றாக வரும். 40 அட்டை தபாலில் அனுப்புகிறேன். லேமினேட் செய்து தொலைக்காதே. ஆவணியில் ஜெயா மகளுக்கு வளைகாப்பு, நீ வராவிட்டால் மேட்ரன் சமாசாரத்தை உன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவேன். ஓசூரிலிருந்து நேர் பஸ் இருக்கிறதா என்று விசாரித்து எழுது.

உன்,
மல்லிகா