எல் நினோ ஆண்டில் மறுகால்களையும் பாருங்கள்: நெல்லை மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் நீர்வளத் துறைப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

ஏப்ரலில் வெளியாகும் பருவமழை முன்கணிப்பில் எல் நினோ என்ற பெயர் அடிபட்டதுமே, 'இந்த வருஷம் வறட்சிதான்' என்ற பேச்சு நம் மாவட்டத்திலும் கிளம்பிவிடுகிறது. தாமிரபரணிப் பாசனத்தைப் பொறுத்தவரை இது பாதி உண்மையே.

வழக்கமான ஆண்டுகளில், பசிபிக் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் கிழக்கிலிருந்து வீசும் காற்று வெதுவெதுப்பான மேல்நீரை இந்தோனேசியா பக்கம் ஒதுக்கிவைக்கிறது. இரண்டு முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை அக்காற்று தளர்வதால், வெப்பநீர் தென் அமெரிக்கக் கரையை நோக்கிப் பரவி, மழைமேகம் திரளும் இடத்தையும் தன்னோடு நகர்த்திவிட, பெருவில் வெள்ளமும் இந்தோனேசியா, ஆஸ்திரேலியா பகுதிகளில் வறட்சியும் நேர்கின்றன. இதுவே எல் நினோ. இதனோடு சேர்ந்த காற்றழுத்த ஊசலாட்டத்தைக் கண்டறிந்த கில்பர்ட் வாக்கர், இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்து, நம் பருவமழை ஏன் பொய்க்கிறது என்று தேடியவர்தாம்.

எல் நினோ தென்மேற்குப் பருவமழையைக் குறைக்கும் போக்குடையது என்பதால், ஜூனில் அணை திறப்பை எதிர்பார்த்திருக்கும் கார் நெல் சாகுபடி தடுமாறுகிறது. ஆனால் அடுத்து வரும் பிசான நெல் சாகுபடிக்கு உரிய வடகிழக்குப் பருவமழையை அது பெரும்பாலும் கூட்டியே தருகிறது; இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி கிழக்கைவிட அதிகமாகச் சூடேறும் ஆண்டுகளில் இந்த வாய்ப்பு இன்னும் கூடும். 2023இல் இரண்டும் சேர்ந்தே இருந்தன. அவ்வாண்டு ஆகஸ்ட், 1901க்குப் பின் நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். டிசம்பர் 17, 18 தேதிகளிலோ காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த ஒரு மழைக்கு எல் நினோவை மட்டுமே பொறுப்பாக்க முடியாது. குமரிக்கடல் பக்கம் நிலைகொண்டிருந்த சுழற்சியே அதைக் கொண்டுவந்தது. எனினும், தென்மேற்குப் பருவம் வறண்டதால் வடகிழக்குப் பருவமும் வறளும் என்று இருந்துவிடக் கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. எதிர்நிலையான லா நினாவின் சாயல் இருந்த 2016இலோ தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது.

ஆகவே எல் நினோ அறிவிக்கப்படும் ஆண்டில், காருக்குத் தண்ணீர் உண்டா இல்லையா என்பதை நாற்றுப் பாவும் முன்பே தெரிவித்துவிடுங்கள். குளங்கள் வற்றிக் கிடக்கும் அந்த மாதங்களே மராமத்துக்கு ஏற்றவை. மடை ஷட்டரின் திருகு துருவேறி இறுகிக் கிடப்பதும், குளம் நிரம்பியபின் மிகுநீர் வெளியேறும் மறுகால் ஓடையை அமலை எனும் நீர்ச்செடி அடைத்திருப்பதும் தண்ணீர் வந்த பிறகே கண்ணில் படுகின்றன; அப்போது கரையை வெட்டிவிடுவதைத் தவிர வழியில்லாமல் போகிறது. மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில், அணை நீர்மட்டத்தோடு பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் நிலையையும் வாசிக்க வேண்டும். எந்தெந்தக் குளத்தின் மறுகால் சீராயிற்று என்ற பட்டியலைப் புரட்டாசிக்குள் ஊராட்சிதோறும் ஒட்ட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாமிரபரணிப் பாசன விவசாயி ஒருவர்